எரிசாராயங் கலந்த பெட்ரோலும் குடியானவரின் யந்திரங்களும்

கரும்பு பயிரிடும் நிலச்சுவான்தார் ஒருவர் காலையில் ஆலைக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டு, மாலையில் தமது மொபெட்டுக்குப் பெட்ரோல் போடச் செல்கிறார். அங்கே அவருக்கு அளக்கப்படும் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, கரும்பிலிருந்தோ மக்காச்சோளத்திலிருந்தோ அரிசியிலிருந்தோ வடித்தெடுத்த எத்தனால் என்னும் நீர் நீக்கிய எரிசாராயமாகும். ஆகவே இவ்விஷயத்தில் சரக்கை விற்பவர் இனத்தைச் சேர்ந்தவரும் அவரே, வாங்குபவரும் அவரே. விற்பதால் வரும் லாபத்தைப்பற்றி மேடைதோறும் பேச்சு நடக்கின்றது. வாங்கியபின் அவருடைய யந்திரத்துக்கு என்ன நேரிடுகிறது என்பதைப்பற்றிப் பேசுவோர் சிலரே. பேசுவோரிலும் பாதிப்பேர் எத்தனால் எல்லா யந்திரங்களையும் கெடுக்குமென்றும், மீதிப்பேர் ஒன்றையும் கெடுக்காதென்றும் சாதிக்கின்றனர். இரண்டும் உண்மையன்று.

எரிசாராயத்தை மோட்டார் எண்ணெயில் கலப்பது புதிய யோசனையன்று. பிரேஸில் தேசத்தில் 1931ஆம் ஆண்டிலேயே பெட்ரோலில் நூற்றுக்கு 5 பங்கு சாராயம் கலக்கவேண்டுமென்று உத்தரவாயிற்று. 1975இல் அத்தேசத்துச் சர்க்கார் கரும்புச் சாராயத்துக்கென்றே பெருந்திட்டம் வகுத்து, 1979இல் முழுச் சாராயத்தில் ஓடும் மோட்டார் வண்டிகளை வெளிவரச் செய்தனர். இந்தியாவிலும் 1948ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அது பயன்படாமலே கிடந்து 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் 2003 ஜனவரியில் ஒன்பது மாகாணங்களில் நூற்றுக்கு 5 பங்கு கலப்பு தொடங்கியது. 2022 ஜூனில் அது 10 பங்காயிற்று. 2023 பிப்ரவரியில் 20 பங்கு கலந்த பெட்ரோல் சில ஊர்களில் விற்பனைக்கு வந்து, 2025ஆம் ஆண்டில் நாடெங்கும் அதுவே சாதாரணச் சரக்காகிவிட்டது. முதல் 10 பங்குக்கு வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள். அடுத்த 10 பங்குக்கு மூன்றே ஆண்டுகள். புகார்கள் 2025 ஆகஸ்டு மாதத்தில் திடீரென்று பெருகியதற்குக் காரணம் இந்த வேகமேயன்றி வேறில்லை எனலாம்.

எத்தனாலுக்கு உள்ள குணங்களை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடவேண்டும். அது யந்திரத்தில் தட்டலை அடக்கும். அதற்கென வடிவமைத்த யந்திரத்தில் அதிக அழுத்தம் வைத்து அதிக வேலை வாங்கலாம். தன்னிடத்திலேயே பிராணவாயுவைக் கொண்டிருப்பதால் புகை குறைவாக எரியும். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தியில் மூன்றில் இரண்டு பங்கே ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. கணக்கிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 7 பங்கு சக்தி குறைந்ததாகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி 47 கிலோமீட்டர் சுமாருக்கு இறங்கினால் அதில் வியப்பொன்றுமில்லை. 2021இல் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலும், பழைய கார்களுக்கு நூற்றுக்கு 6 முதல் 7 வரையிலும், இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 வரையிலும், 10 பங்குக் கலப்புக்கென்று செய்து 20க்குச் சீர்படுத்திய கார்களுக்கு 1 முதல் 2 வரையிலும் ஓட்டம் குறையலாமென்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்லிற்று: சக்தி குறைந்த எண்ணெயை வாங்குவோருக்கு ஈடாக அதன் சில்லறை விலை சாதாரணப் பெட்ரோலின் விலையைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்பதாம். கலப்பைப்பற்றிய சிபாரிசு காலத்துக்கு முன்னரே நிறைவேறியது. விலையைப்பற்றிய சிபாரிசு அறிக்கையிலேயே நின்றுவிட்டது. பால்காரர் நீர் சேர்த்தால் விலையைக் குறைக்கச் சொல்லும் ஜனங்கள் இதில் வாய் திறவாமலிருப்பது விநோதமே.

இனி யந்திரங்களுக்கு வருவோம். 2023 ஏப்ரலுக்குப்பின் செய்யப்பட்ட வண்டிகளில் குழாய்கள், வாஷர்கள், பம்பு முதலியவை 20 பங்கு எத்தனாலைத் தாங்கும் பொருள்களாலானவை. எண்ணெயைக் கணக்கிட்டுப் பீச்சும் முறையமைந்த யந்திரங்கள் புகையிலுள்ள பிராணவாயுவை அளந்து, தாமே எண்ணெயைச் சிறிது கூட்டிக்கொள்ளும். அத்தகைய வண்டி வைத்திருப்போர் ஓட்டக் குறைவைத் தவிர வேறொன்றுக்கும் அஞ்சவேண்டியதில்லை.

பழைய கார்புரேட்டர் வண்டிகளின் நிலை வேறு. கார்புரேட்டருக்கு அறிவில்லை, ஒரே துவாரத்தின் வழியே ஒரே அளவைத்தான் விடும். எத்தனாலுக்கு எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதுமாதலால், அதே துவாரத்தில் வரும் கலப்பெண்ணெய்க்குக் காற்று மிகுதியாகிவிடுகிறது. யந்திரம் இழுவை குறைந்து, சூடேறி ஓடும். அன்றியும் பழைய ரப்பர்க் குழாய்களும் தக்கை வாஷர்களும் எத்தனாலில் ஊறி உப்பி, நாளடைவில் வெடிக்கும். பல ஆண்டுகளாகத் தொட்டியின் அடியில் படிந்திருக்கும் கசட்டையும் அது கரைத்துக் கிளப்பிவிடும். கலப்பெண்ணெய்க்கு மாறிய முதல் மாதத்தில் வண்டி அடிக்கடி நின்றால், யந்திரத்தைப் பிரிக்குமுன் வடிகட்டியைக் கழற்றிப் பார்ப்பது நலம். குழாயையும் வாஷர்களையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றிக்கொள்ளப் பெருஞ் செலவு பிடிக்காது.

ஆயினும் இவையெல்லாம் சிறு தொல்லைகள். உண்மையான பகை நீர்தான். பெட்ரோலும் நீரும் ஒன்றோடொன்று சேரா. எத்தனாலோ இரண்டோடும் சேரும். கலப்புப் பெட்ரோலில் சிறிது நீர் புகுந்தால் எத்தனால் அதைத் தன்னுள் வாங்கிக்கொண்டு வெளிக்குத் தெரியாமல் வைத்திருக்கும். ஆனால் அதற்கோர் எல்லையுண்டு. 10 பங்கு கலந்த பெட்ரோல் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைத் தாங்கும். அதாவது நான்கு லிட்டர் தொட்டியில் ஒரு சிறு கரண்டி நீர். 20 பங்கு கலந்தது அதைவிடச் சற்று அதிகம் தாங்கும். இரவுக் குளிரில் இரண்டுமே குறைவாகத் தாங்கும். எல்லையைக் கடந்தவுடன் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீருடன் கூடித் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது. யந்திரத்துக்கு எண்ணெய் செல்லும் குழாயோ அடியிலிருந்தே எடுக்கிறது. அதன்பின் யந்திரம் குடிப்பது பெட்ரோலன்று, நீர்த்த சாராயமே. மேலே நிற்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்துவிட்டதால் தட்டலைத் தாங்கும் குணத்தில் தாழ்ந்துபோகிறது. 20 பங்கு கலந்தது அதிக நீரைத் தாங்குமாதலால் அதுவே பத்திரமென்று சிலர் வாதிப்பதுண்டு. பிரிந்துவிட்டால் அடியில் தங்கும் சாராயமும் இருமடங்கு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இந்நீர் காற்றின் ஈரத்திலிருந்து மட்டும் வருகிறதென்று நினைப்பது தவறு. மூடிய தொட்டியில் காற்றின் ஈரத்தால் மட்டும் எல்லை கடக்க நெடுநாளாகும். பெரும்பாலும் நீர் வருவது சரியாக மூடாத மூடியின் வழியாகவும், மழையில் திறந்துவைத்த கேனின் வழியாகவும், பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்த மழைநீரின் வழியாகவுமே. எத்தனால் இல்லாத காலத்தில் நிலத்தடித் தொட்டியில் கசிந்த நீர் அடியில் தனியே நின்றது. அளவுகோலில் பசை தடவி இறக்கினால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்தது. கலப்பெண்ணெயில் நீர் சாராயத்தோடு மறைந்துவிடுவதால், பழைய பசை சரியாகக் காட்டாது. அதற்கென்று வேறு பசை உண்டு. வெள்ளம் வடிந்தபின் தங்கள் எல்லையிலுள்ள பங்கில் அந்தப் பசையால் சோதிக்கப்பட்டதா என்று கிராம அதிகாரிகள் ஒரு வார்த்தை கேட்டால், ஊரில் எத்தனையோ வண்டிகள் பிழைக்கும்.

மேற்கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். கலப்பெண்ணெய் தினந்தோறும் ஓடித் தொட்டியைக் காலிசெய்யும் யந்திரத்துக்கு ஏற்றது. சும்மா கிடக்கும் யந்திரத்துக்கு ஏற்றதன்று. பட்டணத்தில் நாள்தோறும் அலுவலகம் செல்லும் வண்டி வாரத்துக்கொருமுறை புதிய எண்ணெய் பெறுகிறது. குடியானவரின் கருவிகளோ பருவத்துக்குப் பருவம் வேலை செய்பவை. விசைத் தெளிப்பான், களை வெட்டி, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு இறைப்பு யந்திரம், மரமறுக்கும் வாள் ஆகிய யாவும் ஒரு மாதம் ஓடி மூன்று மாதம் கொட்டகையில் கிடப்பவை. இவற்றுட் பல இரண்டடி யந்திரங்கள். பெட்ரோலில் கலந்த மசகெண்ணெய்தான் அவற்றின் உயிர். அடியில் பிரிந்து நிற்கும் நீர்ச் சாராயத்தில் மசகெண்ணெய் கரையாது. அதைக் குடித்து ஓடும் யந்திரம் மசகில்லாமல் ஓடுகிறது. பிஸ்டன் சில நிமிஷங்களில் பிடித்துக்கொள்ளும். பழுதுபார்ப்பவர் எண்ணெயைச் சரியாகக் கலக்கவில்லையென்று வேலையாளைக் குறை கூறுவார். வேலையாள் சரியாகவே கலந்திருப்பான்.

இதற்கு மாற்று எளிது, செலவில்லாதது. வேலை முடிந்து கருவியைக் கொட்டகையில் வைக்குமுன் தொட்டியைக் கவிழ்த்துக் காலிசெய்து, தானே நிற்கும்வரை ஓட்டிக் கார்புரேட்டரையும் வறளச் செய்யவேண்டும். மசகெண்ணெய் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குமேல் வைத்திருத்தலாகாது. வாங்கும்போதே சிறு அளவாக வாங்குதல் நன்று. வண்டித் தொட்டியைக் காலிசெய்ய முடியாவிடில், காற்றுக்கு இடமின்றி நிரப்பி வைக்கலாம்.

நிலத்தில் யந்திரம் நின்றால் ஒரு நாள் வேலை கெடும். கடலில் நின்றால் உயிர் கேள்விக்குரியதாகும். தமிழ்நாட்டின் விசைப்படகுகள் டீசலில் ஓடுவன. அவற்றுக்கு இந்தக் கலப்பால் நேரடியான தொல்லையில்லை. ஆனால் கண்ணாடியிழைப் படகுகளின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்கள், குறிப்பாகக் கன்னியாகுமரிக் கரையில், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. பெட்ரோலிலேயே ஓடுவனவும் உண்டு. படகின் எண்ணெய்த் தொட்டி உப்புக் காற்றில், அலைத் திவலையில், காற்றுத் துவாரம் திறந்தபடி இருப்பது. புயலெச்சரிக்கை வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படகுகளைக் கரையேற்றி நாட்கணக்கில் போட்டுவைப்பர். நீர் புகுவதற்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. அந்நாட்டில் 10 பங்குக் கலப்பு பரவியபோது, பழைய படகுகளில் உடலோடு சேர்த்துக் கட்டியிருந்த கண்ணாடியிழைத் தொட்டிகள் சிலவற்றின் பிசின் எத்தனாலில் கரைந்து யந்திரத்தினுள் சென்று படிந்தது. பின்னர் 2010, 2011ஆம் ஆண்டுகளில் 15 பங்குக் கலப்பை அனுமதித்தபோது, 2001ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட கார்களுக்கு மட்டுமே அனுமதி தந்து, படகு, மோட்டார் சைக்கிள், புல்வெட்டி முதலிய சிறு யந்திரங்களில் அதை ஊற்றுதல் கூடாதென்று விலக்கினர். பங்கிலேயே அதற்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டவும் செய்தனர். கரும்போ சோளமோ குறைவான தேசமன்று அது. எத்தனால் செய்வதில் உலகில் முதலிடம் வகிப்பது. அப்படியிருந்தும் படகை விலக்கிற்று. அங்குள்ள படகு உற்பத்தியாளர்கள் ஐஸோபியூட்டனால் என்னும் வேறொரு சாராயத்தைச் சோதித்துப் பார்த்தனர். அது நீரை எளிதில் ஈர்ப்பதில்லை, சக்தியும் அதிகம். 2018இல் அதை 16 பங்குவரை கலக்க அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. செய்வதற்குச் செலவு மிகுதியாகையால் அது இன்னும் பரவவில்லை.

டீசலுடன் எத்தனால் நிலையாகக் கலவாது; ஆகையால் டிராக்டர் வைத்திருப்போருக்கு இவ்வாதம் இப்போதைக்குப் பொருந்தாது. டீசலுக்கு மாற்றாகச் சொல்லப்படுவது தாவர எண்ணெய். 1900ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயிலேயே ஒரு டீசல் யந்திரம் ஓடிற்று என்பது உண்மைதான். அதை நம்பிப் புங்க எண்ணெயையோ இலுப்பை எண்ணெயையோ அப்படியே ஊற்றுவோர் பீச்சுக்குழலில் கரி பிடித்து வருந்துவர்; கொழகொழப்பு நீங்க அதை மெத்தனாலுடன் வினைப்படுத்தி பயோடீசலாக மாற்றவேண்டும். அப்படி மாற்றியதும் டீசலைவிட ஈரத்தை அதிகம் வாங்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடையில் கிடக்கும் விசைப்படகின் தொட்டியில் பயோடீசலை நிரப்பிவைத்தால், அடியில் பூஞ்சணம் வளர்ந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

காட்டாமணக்கின் கதையை நிலமுடையோர் மறந்திருக்கமாட்டார்கள். 2003ஆம் ஆண்டில் அது தரிசு நிலத்தில் நீரின்றி விளைந்து நாட்டின் டீசலில் ஐந்தில் ஒரு பங்கை ஈடுசெய்யுமென்று திட்டமிட்டனர். நீரில்லாவிடில் செடி சாகவில்லை, காய்க்கவுமில்லை. வாங்குவாருமில்லாமல் பலர் அதைப் பிடுங்கியெறிந்தனர். சாண எரிவாயு மட்டும் இவ்வகையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது. இரும்புத் துகள் வழியாகச் செலுத்திக் கந்தக நாற்றத்தை நீக்கியபின், டீசல் இறைப்பு யந்திரத்தின் காற்றுக் குழாயில் அதைச் சேர்த்தால், டீசலில் பெரும்பகுதி மிச்சமாகும். மாடுகள் உள்ள வீட்டில், நின்ற இடத்தில் ஓடும் யந்திரத்துக்கு அதுவே தக்கது. வண்டிக்கோ படகுக்கோ அது உதவாது.

எத்தனாலுக்கென்று பயிர்செய்ய நினைப்போரும் காட்டாமணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. 2023 டிசம்பரில் கரும்புச்சாற்றிலிருந்து நேராக எத்தனால் வடிப்பதைச் சர்க்கார் திடீரென்று தடுத்துப் பின் சிறிது தளர்த்தினர். மறு ஆண்டிலேயே அத்தடை நீங்கிற்று. மக்காச்சோள எத்தனாலுக்கு 2024-25ஆம் ஆண்டில் லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு விலை வைத்ததால் சோளத்தின் விலை ஏறிப் பெரம்பலூர்க் குடியானவர் மகிழ்ந்தனர். நாமக்கல்லில் கோழி வளர்ப்போர் தீவனத்துக்கு அழுதனர். 2024இல் வெளிதேசங்களிலிருந்து சோளம் வரவழைக்க நேர்ந்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கச் செய்த காரியம் தானிய இறக்குமதியில் கொண்டுவிட்டது. கரும்பைப் பொறுத்தமட்டில், ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் நீர் செலவாகிறதென்று முற்கூறிய அறிக்கையே கணக்கிட்டிருக்கிறது. ஆற்றுப்பாசனம் நிச்சயமில்லாத இடத்தில் கிணற்றை நம்பிக் கரும்பு வைப்போர் இந்தக் கணக்கைத் தங்கள் மின்மோட்டாரின் அருகே எழுதி ஒட்டிவைக்கலாம்.

ஆகவே கலப்பு வேண்டாமென்பது வழக்கன்று. தேவையான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்குமேல் வெளியிலிருந்து வாங்கும் தேசம் அப்படிச் சொல்லமுடியாது. ஆனால் எல்லா யந்திரங்களுக்கும் ஒரே எண்ணெயென்பது நியாயமன்று. பழைய வண்டிகளைக் காக்க 10 பங்கு கலந்த பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்கவேண்டுமென்று நீதி ஆயோக்கின் அறிக்கை கூறியிருந்தது. 2025 செப்டம்பர் முதல் தேதி, எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கும்படி உத்தரவிடக் கோரிய மனுவை உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆதலால் இனி இது கொள்கை வகுப்போரின் கையிலேயே உள்ளது. தாலூகாவுக்கு ஒரு பங்கிலேனும், மீன்பிடித் துறைமுகம் ஒவ்வொன்றிலும், கலப்பில்லாத பெட்ரோலோ 10 பங்குக் கலப்போ தனிக் குழாயில் வைத்தால் போதும். மீனவருக்கு மானிய மண்ணெண்ணெய் தனியே அளந்து கொடுக்க முடிந்த இலாகாக்களுக்கு இது பெரிய காரியமன்று.

அதுவரையில் ஐயமுற்றோர் தாமே சோதித்துக்கொள்ளலாம். கோடிட்ட கண்ணாடிக் குழலொன்றில் 10 மில்லி லிட்டர் நீரும் அதன்மேல் 90 மில்லி லிட்டர் பெட்ரோலும் ஊற்றி, வாயை மூடி நன்கு குலுக்கிக் கால்மணி நேரம் நிறுத்திவைத்தால், எத்தனால் நீரோடு சேர்ந்து கீழிறங்கும். 20 பங்குக் கலப்பானால் கீழடுக்கு 10இலிருந்து ஏறக்குறைய 28க்கு உயர்ந்திருக்கும். அதற்கு மிகுதியாக நின்றால் எண்ணெயில் முன்பே நீரோ அளவுக்கு மீறிய சாராயமோ இருக்கிறதென்று பொருள்; அதைப் படகில் ஊற்றாமல் பங்குக்காரரிடமே திருப்பிக் கொண்டுசெல்லலாம். சோதித்த எண்ணெயைத் திரும்பத் தொட்டியில் ஊற்றலாகாது. சோதனையை அடுப்பங்கரையில் செய்யவும் கூடாது.